தெருப்பூனைக்கு என்ன செய்யலாம்? கொஞ்சம் சரித்திரம், கொஞ்சம் அனுபவம்

எங்கள் நங்கநல்லூர்ப் பக்கம் காலை நடைக்கு வருகிற நண்பர்கள் என்னிடம் அடிக்கடி ஒரு கேள்வி கேட்பார்கள். "சார், மாடிப்படிக்குக் கீழே ஒரு பூனை குட்டி போட்டிருக்கு. என்ன பண்றது?" கேட்கிறவரின் குரலை வைத்தே, அவர் பூனைக்கு உதவி செய்ய நினைக்கிறாரா, பூனையை எப்படியாவது ஒழித்துக்கட்ட நினைக்கிறாரா என்று தெரிந்துவிடும். இரண்டு பேருக்கும் நான் சொல்கிற பதில் ஒன்றுதான். அந்தப் பதிலைச் சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் சரித்திரம் சொல்லியாக வேண்டும். 33 வருஷம் பள்ளிக்கூடத்தில் சரித்திரப் பாடம் நடத்தியவன் நான். வருஷக் கணக்கு சொல்லாமல் எனக்கு எதையும் பேச வராது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாட்டை மனிதன் பிடித்துப் பழக்கினான். பூனை அப்படி இல்லை, தானாக வந்தது. மேற்கு ஆசியாவில் மனிதன் கோதுமையும் பார்லியும் விளைவித்துச் சேர்த்து வைக்கத் தொடங்கியபோது, தானியத்தைத் தேடி எலி வந்தது. எலியைத் தேடி அந்தப் பக்கத்துக் காட்டுப்பூனை வந்தது. உலகத்தில் இன்றைக்கு இருக்கிற வீட்டுப்பூனைகள் எல்லாம் ஆப்பிரிக்காவிலும் மேற்கு ஆசியாவிலும் இருந்த அந்த ஒரே காட்டுப்பூனை இனத்தின் வாரிசுகள் என்று மரபணு ஆராய்ச்சியாளர்கள் 2007-இல் எழுதினார்கள். நம் மாடிப்படிக்குக் கீழே படுத்திருக்கிற பூனைக்கும் பூர்வீகம் அதுதான்.

இதற்குப் பழைய சாட்சி ஒன்று சைப்ரஸ் தீவில் கிடைத்தது. பிரெஞ்சுத் தொல்லியல் அறிஞர்கள் அங்கே சுமார் 9,500 வருஷத்துக்கு முற்பட்ட ஒரு கல்லறையைத் தோண்டினார்கள். அதில் ஒரு மனிதனின் எலும்புக்கூடு. அதிலிருந்து ஒரு முழம்கூட இல்லாத தூரத்தில், தனிக்குழியில், முழுசாக ஒரு பூனையின் எலும்புக்கூடு. எட்டு மாத வயதுப் பூனையாம். 2004-இல் இந்தச் செய்தி வெளிவந்தது. சைப்ரஸ் தீவில் இயற்கையாகப் பூனை கிடையாது. அப்படியானால் யாரோ படகில் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். செத்த பிறகு மனிதனுக்குப் பக்கத்திலேயே புதைத்தும் இருக்கிறார்கள்.

எகிப்தில் பூனைக்குக் கிடைத்த மரியாதை எல்லோருக்கும் தெரிந்த கதை. பூனைமுகத் தெய்வத்துக்குக் கோயில் கட்டினார்கள், பூனைகளைப் பதப்படுத்திப் புதைத்தார்கள். அந்த மரியாதைக்கு என்ன முடிவு வந்தது என்பதைப் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். 1890-இல் அப்படிப் பதப்படுத்திய சுமார் 1,80,000 பூனை உடல்களைக் கப்பலில் ஏற்றி இங்கிலாந்தின் லிவர்பூல் துறைமுகத்துக்கு அனுப்பினார்கள். எதற்கு என்கிறீர்கள்? அரைத்து வயலுக்கு எருவாகப் போட! ஒரு காலத்தில் தெய்வம், இன்னொரு காலத்தில் எரு. மனிதனுக்கும் பூனைக்கும் உள்ள உறவு எப்போதும் இப்படித்தான். தேவைப்பட்டபோது தலையில் வைப்பான், தேவை தீர்ந்தால் தூக்கி எறிவான்.

நம் ஊருக்கு வருவோம். மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசுப் பாறையை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அடுத்த முறை பேரன் பேத்திகளோடு போகும்போது, யானைகளுக்குப் பக்கத்தில் உற்றுப் பாருங்கள். ஒரு பூனை பின்னங்காலில் நின்று, கைகளைத் தலைக்கு மேல் தூக்கித் தவம் செய்கிறது. அதன் காலடியில் எலிகள். ஏழாம் நூற்றாண்டுப் பல்லவச் சிற்பிக்குப் பூனையின் சுபாவம் அவ்வளவு நன்றாகத் தெரிந்திருந்தது. வேஷக்காரன் என்ற கெட்ட பெயரையும் அப்போதே வாங்கிவிட்டது பூனை. போதாததற்கு, குறுக்கே போனால் சகுனத்தடை என்று வேறு சேர்த்துக்கொண்டோம்.

ஆனாலும் தஞ்சாவூர் ஜில்லாக் கிராமத்தில் நான் சின்னப் பையனாக இருந்த காலத்தில் பூனைக்கு வேலை இருந்தது. எங்கள் தாத்தா வீட்டில் கூடத்தில் பத்தாயம், கொல்லைக்கட்டில் குதிர். அறுவடை முடிந்து நெல் வந்து இறங்கினால் எலியும் கூடவே வந்துவிடும். அதனால் ஒரு பூனையாவது வீட்டில் இருந்தாக வேண்டும் என்பது பாட்டியின் சட்டம். அதற்குத் தனியாக ஒரு கொட்டாங்குச்சி. காலையில் பால் கறந்ததும் அதில் கொஞ்சம் ஊற்றுவாள். சமையல் கட்டுக்குள் மட்டும் நுழையக் கூடாது. மற்றபடி ஓட்டுக்கூரை, பரண், மாட்டுக் கொட்டகை எல்லாம் அதன் ராஜ்யம்.

அந்தப் பாட்டியே, குட்டிகள் அதிகமாகிவிட்டால் ஆளைக் கூப்பிட்டு, "கோணியில போட்டு ஆத்துக்கு அக்கரையில விட்டுட்டு வாடா" என்பாள். அக்கரையில் விட்டது அப்புறம் என்ன ஆயிற்று என்று யாரும் கேட்டதில்லை. கல் நெஞ்சம் என்று பாட்டியைச் சொல்ல மாட்டேன். அந்தக் காலத்தில் பூனை அதிகமானால் செய்வதற்கு வேறு வழி யாருக்கும் தெரியாது. சோறு போடு, இல்லையென்றால் கொண்டுபோய் விடு. உலகம் முழுக்க, ஆயிரக்கணக்கான வருஷமாக, இந்த இரண்டு வழிகள்தான் இருந்தன.

பிறகு காலம் மாறியது. நெல் வீட்டுக்கு வருவது நின்றது, அரிசி மூட்டையாக வந்தது, அப்புறம் பாக்கெட்டில் வந்தது. ஓட்டு வீடு போய்க் கான்கிரீட் வீடு வந்தது. பத்தாயத்தை விறகுக்குப் பிளந்தார்கள். பூனைக்கு உத்தியோகம் போயிற்று, பென்ஷனும் கிடையாது. அது தெருவுக்கு வந்தது. மீன் மார்க்கெட், கல்யாண மண்டபத்தின் பின்பக்கம், குப்பைத்தொட்டி, கார் நிறுத்துகிற இடம் என்று பிழைத்துக்கொண்டது. இன்றைக்கு நாம் தெருப்பூனை என்று சொல்வது, நாம் வேலைக்கு வைத்து, பிறகு வீட்டைவிட்டு அனுப்பிவிட்டவர்களின் வாரிசுகள்தான்.

இப்போது கணக்குப் பாடம். பூனையின் கர்ப்பகாலம் சுமார் ஒன்பது வாரம். பிறந்து ஐந்தாறு மாதத்திலேயே பெண்பூனை சினைப்படும். ஒரு பிரசவத்துக்கு மூன்று, நான்கு குட்டிகள். நம் ஊர் வெயிலில் வருஷத்தில் இரண்டு மூன்று தடவைகூட குட்டி போடும். இந்தக் கணக்கு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குத் தெற்கே ஒரு தீவு சாட்சி சொல்கிறது. தென்னாப்பிரிக்காவுக்கும் அண்டார்டிகாவுக்கும் நடுவில் மேரியன் தீவு என்று ஒன்று உண்டு. வானிலை நிலையத்தில் எலித்தொல்லை என்று 1949-இல் அங்கே ஐந்து பூனைகளைக் கொண்டுபோனார்கள். 1977-இல் அவை சுமார் 3,400 ஆகியிருந்தன. வருஷத்துக்கு லட்சக்கணக்கான கடற்பறவைகளைத் தின்று தீர்த்தன. அவற்றை ஒழிக்க நோய்க்கிருமியைப் பரப்பினார்கள், இரவில் விளக்கு வைத்துச் சுட்டார்கள், பொறி வைத்தார்கள், விஷம் வைத்தார்கள். கடைசிப் பூனை போய்ச் சேர 1991 ஆயிற்று.

இதில் இரண்டு பாடம் இருக்கிறது. ஒன்று, பூனையை அப்படியே பெருகவிட்டால் மற்ற ஜீவன்களுக்கு ஆபத்து. பறவைகளை நேசிக்கிறவர்கள் பூனையைக் குறை சொல்வதில் நியாயம் உண்டு. இரண்டாவது, மனிதர்கள் குடியிருக்காத, நாலு பக்கமும் கடல் சூழ்ந்த ஒரு தீவிலேயே கொன்று முடிக்க 14 வருஷம் பிடித்தது என்றால், ஒரு தெரு காலியானால் அடுத்த தெருப்பூனை வந்து குடியேறுகிற ஒரு நகரத்தில், கோணிப்பையை வைத்துக்கொண்டு என்ன சாதிக்க முடியும்?

மூன்றாவது வழி ஒன்று உண்டு என்று மனிதனுக்குத் தோன்றியது மிகச் சமீபத்தில்தான். பிடி, கருத்தடை செய், பிடித்த இடத்திலேயே கொண்டுவந்து விடு. இவ்வளவுதான் விஷயம். இதில் நம் சென்னைக்கும் பெருமையான பங்கு உண்டு.

நம் வயதுக்காரர்களுக்கு நாய் பிடிக்கிற வண்டி ஞாபகம் இருக்கும். வண்டி வருகிறது என்றால் தெருப்பிள்ளைகள் எல்லாம் அவரவர் நாயைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் ஓடுவார்கள். பிடித்த நாய்களைக் கொன்றுவிடுவது நூறு வருஷத்துக்கு மேலாக இந்த நகரத்தின் வழக்கமாக இருந்தது. நூறு வருஷம் கொன்றும் நாய்கள் குறையவில்லை. 1959-இல் கேப்டன் வி. சுந்தரம், அவர் மனைவி உஷா சுந்தரம் குடும்பத்தார், மழை வெள்ளத்தில் தத்தளித்த நாய்க்குட்டிகளை வீட்டுக்குக் கொண்டுவந்து காப்பாற்றினார்கள். புளூ கிராஸ் அமைப்பு பிறந்தது அப்படித்தான். கேப்டனும் விமானி, அந்த அம்மாளும் விமானி. 1964-லேயே புளூ கிராஸ், கொல்வதற்குப் பதிலாகக் கருத்தடை செய்து விடலாம் என்று சொன்னது. மாநகராட்சி முழுமையாக அந்த வழிக்கு வந்தது 1996-இல். நடுவில் 32 வருஷம்! ஒரு நல்ல யோசனை கோட்டைக்குப் போய்ச் சேர அவ்வளவு காலம் ஆகிறது.

இதே சென்னையில்தான் ருக்மிணி தேவி அருண்டேலும் இருந்தார். கலாக்ஷேத்ராவை எல்லோருக்கும் தெரியும். மாநிலங்களவை உறுப்பினராக இருந்தபோது பிராணிகள் வதைத் தடுப்புக்குத் தனிநபர் மசோதா கொண்டுவந்தவர் அவர். அரசாங்கமே ஒரு சட்டம் கொண்டுவரும் என்று பிரதமர் நேரு உறுதி சொன்ன பிறகு அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அதன்படி வந்ததுதான் 1960-ஆம் வருஷத்துச் சட்டம். 1962-இல் அமைந்த பிராணிகள் நல வாரியத்துக்கும் அவர்தான் முதல் தலைவர். அந்த 1960 சட்டத்தில், பசியாலோ தாகத்தாலோ துன்பப்படும்படி ஒரு பிராணியைக் காரணமில்லாமல் கைவிடுவது குற்றம் என்று தெளிவாக எழுதியிருக்கிறது. கோணிப்பை யோசனை சொல்கிறவர்களுக்கு இதை எடுத்துக் காட்டலாம்.

ஆனால் இங்கேயும் பூனைக்கு இரண்டாம் இடம்தான். 2001-இல் கருத்தடை விதிகள் வந்தபோது அதன் தலைப்பிலேயே 'நாய்கள்' என்று போட்டிருந்தது. 2023-இல் வந்த புதிய விதிகளின் தலைப்பில்தான் அந்தச் சொல் போயிற்று.

பூனைக்காகவே இந்த வழியைப் பெரிதாக எடுத்துச் செய்தவர்கள் மேல்நாட்டுக்காரர்கள், அதிலும் பெரும்பாலும் நடுத்தர வயதுப் பெண்கள். இங்கிலாந்தில் ரூத் பிளான்ட் என்கிற அம்மாள் முன்னின்று 1977-இல் இதற்கென்று ஓர் அறக்கட்டளை அமைத்தார்கள். இத்தாலியில் 1991-இல் சட்டமே வந்தது. தெருப்பூனையைத் துன்புறுத்தக் கூடாது, சுகாதாரத்துறை கருத்தடை செய்து அதே இடத்தில் விட வேண்டும் என்று. ரோம் நகரத்தின் நடுவில், ஜூலியஸ் சீசர் குத்துப்பட்டு விழுந்த இடத்தில், பழைய கோயில்களின் இடிபாடுகள் இருக்கின்றன. அந்தத் தூண்களுக்கு நடுவே வெயில் காய்கிற பூனைகளைப் பார்க்கவே சுற்றுலாப் பயணிகள் வருகிறார்கள். எல்லாம் கருத்தடை செய்த பூனைகள்.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் அமெரிக்காவில் உள்ளது. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் நியூபரிபோர்ட் என்று ஒரு சின்னத் துறைமுக ஊர். அங்கே ஆற்றோரத்தில் சுமார் 300 பூனைகள் திரிந்தன. ஹோட்டல்காரர்களுக்குத் தொந்தரவு, வியாபாரம் கெடுகிறது என்று புகார். 1992-இல் ஊர்க்காரர்கள் சிலர் சேர்ந்து, பழகுகிற பூனைகளுக்கு வீடு தேடிக் கொடுத்தார்கள். பழகாதவற்றுக்குக் கருத்தடை செய்து திரும்ப விட்டார்கள், தினமும் சாப்பாடு வைத்தார்கள். கொன்று ஒழிக்கிற வழியை எடுக்கவில்லை. 2009-இல் 'ஸோரோ' என்று பெயர் வைத்திருந்த கடைசிப் பூனை 16 வயதில், கிழமாகி, தானாகச் செத்தது. 300 பூனை பூஜ்யம் ஆயிற்று. 17 வருஷம். மேரியன் தீவு 14 வருஷம், இங்கே 17 வருஷம். மூன்று வருஷம்தான் வித்தியாசம், ஆனால் இங்கே ஒரு துப்பாக்கிகூட எடுக்கவில்லை.

இனி எங்கள் குடியிருப்புக் கதை. 24 வீடுகள். 2016 ஆரம்பத்தில் வளாகத்தில் ஒன்பது பெரிய பூனைகள் இருந்தன, நான்கு பெண், ஐந்து கடுவன். இரண்டாவது மாடியில் தனியாக இருக்கிற ஒரு மாமி அவற்றுக்கெல்லாம் தயிர்சாதம் போடுவார். அதனால் அவருக்கும் மற்றவர்களுக்கும் தினமும் சண்டை. பங்குனி மாதத்தில் மூடி சரியில்லாத நிலத்தடித் தொட்டியில் ஒரு குட்டி விழுந்து செத்துவிட்டது. தொட்டித் தண்ணீர் முழுவதையும் இறைத்துக் கொட்டவேண்டி வந்தது. வெயில் காலத்தில், லாரித் தண்ணீர் விற்கிற விலையில்! அந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் எப்படி இருந்திருக்கும் என்று ஊகித்துக்கொள்ளுங்கள்.

செயலாளர் ஆள் பேசி வைத்திருந்தார். தலைக்கு இவ்வளவு என்று ஒருவர் வந்து கோணியில் பிடித்துக்கொண்டு போய் ஏரிக்கரையில் விட்டுவிடுவார். மாமி அழுதார். நான் எழுந்து, மேலே சொன்ன சரித்திரத்தில் பாதியைச் சொன்னேன். "வாத்தியார் கிளாஸ் எடுக்க ஆரம்பிச்சுட்டார்" என்று பின்னாலிருந்து ஒரு குரல். கடைசியில் 11-க்கு 9 ஓட்டில் எங்களுக்கு ஆறு மாதம் கிடைத்தது. செயலாளர் நல்ல மனிதர், ஆனால் கண்டிப்பு. "சார், செலவு விருப்பப்பட்டவங்களோடது. ஆறு மாசம் கழிச்சு நான் ஒரு குட்டியைப் பார்த்தேன்னா, கோணிதான். அப்புறம் என்னைக் கேட்கக் கூடாது" என்றார்.

முதலில் தொட்டிக்கு நல்ல மூடி போட்டோம். பிறகு சாப்பாட்டு நேரத்தை முறைப்படுத்தினோம். காலை ஆறரைக்கு ஒரு தடவை, மாலை ஆறுக்கு ஒரு தடவை, பின்பக்கச் சுவரோரம் ஒரே இடத்தில். அரை மணியில் தட்டைக் கழுவி எடுத்துவிட வேண்டும். ஒரே மாதத்தில் குப்பையைக் கிளறுவதும், படிக்கட்டில் அசுத்தமும் பாதியாகக் குறைந்தன. சண்டையும் குறைந்தது. பூனைகள் ஒரே நேரத்தில் ஓரிடத்தில் கூடியதால் எத்தனை இருக்கின்றன, எது பெண், எதற்கு உடம்பு சரியில்லை என்பதும் தெரிந்தது.

பிறகு, இரவல் வாங்கி வந்த ஒரு பொறிக்கூண்டு. உள்ளே மீன்துண்டை வைத்தால், பூனை உள்ளே போய்ப் பலகையை மிதித்ததும் கதவு விழுந்துவிடும். உடனே கூண்டை ஒரு பழைய வேட்டியால் முழுக்க மூடிவிட வேண்டும். இருட்டானால் பூனை அமைதியாகிவிடும். கையால் பிடிக்கப் போகவே கூடாது. பெண்பூனைகளை முதலில் கவனித்தோம். ஒரு பெண்பூனைக்குச் செய்தால் ஒரு பரம்பரையே நின்றுவிடும், ஆண்பூனையில் ஒன்று தப்பினாலும் அதுவே போதும். அறுவை சிகிச்சை செய்யும்போதே மயக்கத்தில் இடது காது நுனியைக் கொஞ்சம் கத்தரித்துவிடுவார்கள். இது செய்தாகிவிட்ட பூனை என்று தூரத்திலிருந்தே தெரியும், இன்னொரு தடவை பிடித்து வயிற்றைக் கிழிக்க மாட்டார்கள். ரேபிஸ் தடுப்பூசியும் அப்போதே போட்டுவிடுவார்கள்.

நான்கு பெண்களில் இரண்டு சுலபமாக அகப்பட்டன. மூன்றாவது வயதான பூனை. ஆபரேஷன் ஆன மூன்றாம் நாள் செத்துப்போயிற்று. மாமிதான் அதற்கு வாழைமரத்தடியில் குழிதோண்டச் சொல்லி மஞ்சள் தூவிப் புதைத்தார். அதன் பிறகு ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. நான் போய் எதுவும் சொல்லவில்லை. என்ன சொல்ல முடியும்?

நான்காவது சாம்பல் நிறத்தில் ஒன்று. மகா புத்திசாலி. கூண்டைக் கண்டாலே சுவர் ஏறிவிடும். ஐந்தாவது மாதமும் பிறந்துவிட்டது. செயலாளர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் விரல்விட்டு எண்ணிக் காட்டுவார். கடைசியில் வழி கண்டுபிடித்தது மாமிதான். கோபம் தணிந்து ஒருநாள் வந்து, "கதவைக் கயித்தால கட்டி வைங்கோ சார். பத்து நாள் நான் அதுக்குள்ளேயே சாதம் வைக்கறேன். பழகட்டும்" என்றார். அப்படியே செய்தோம். முதல் நாலு நாள் கூண்டு வாசலில், பிறகு பாதி உள்ளே, பிறகு கடைசியில். பதினோராம் நாள் கயிற்றை அவிழ்த்தேன். கெடுவுக்கு 16 நாள் மிச்சமிருக்கையில் கதவு விழுந்தது. மாமி கூண்டின் மேல் தம் பழைய ஒன்பது கஜப் புடவையைப் போட்டு மூடினார்.

அதன் பிறகு எங்கள் வளாகத்தில் குட்டி பிறக்கவில்லை. கடுவன்கள் ஐந்துக்கும் அடுத்த வருஷம் முடித்தோம். இரவில் கத்துவதும், சண்டையும், சுவரில் மூத்திரம் அடிப்பதும் அதோடு ஓய்ந்தன. இரண்டு பூனைகள் வண்டியில் அடிபட்டன, மூன்று காலக்கிரமத்தில் போயின. வெளியிலிருந்து ஒன்று வந்து சேர்ந்தது, அதற்கும் செய்துவிட்டோம். இன்றைக்கு இருப்பவை நான்கு. செயலாளர் ஊருக்குப் போகும்போது, "சாம்பலுக்குப் பின்கால்ல காயம், பார்த்துக்குங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போகிறார்.

கடைசியாக, நம் வயதுக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய சில விஷயங்கள். தெருவில் பூனையைப் பார்த்தால் பொதுவாக நமக்குத் தோன்றுவதற்கு இவை கொஞ்சம் மாறாக இருக்கும்.

பெரிய பூனைக்குப் பால் வேண்டாம். பாட்டி காலத்திலிருந்து வருகிற வழக்கம்தான், ஆனால் பெரும்பாலான வளர்ந்த பூனைகளுக்குப் பால் செரிக்காது, வயிற்றுப்போக்கு வரும். தண்ணீர் போதும். தயிர்சாதம் மட்டும் போட்டால் பூனைக்கு நாளடைவில் கண் பார்வையே போகலாம். அது பிறவி மாமிசப் பிராணி. மாமிசத்தில் மட்டும் கிடைக்கிற சத்து அதற்குத் தேவை. சைவ வீடுகளில் சங்கடம் என்றால், பாக்கெட்டில் விற்கிற பூனை உணவை வாங்கிப் போடலாம். நாய் உணவு ஒத்துவராது. எங்கள் மாமி இப்போது பாக்கெட்டுத்தான் போடுகிறார், கண்ணை மூடிக்கொண்டு.

குட்டிகள் தனியாகக் கிடந்தால் உடனே தூக்காதீர்கள். தாய் இரை தேடப் போயிருக்கும். தூரத்திலிருந்து சில மணி நேரம் கவனியுங்கள். தாய் வரவே இல்லை, குட்டி சில்லிட்டுக் கிடக்கிறது என்றால், முதலில் துணியில் சுற்றிச் சூடு உண்டாக்குங்கள். சில்லிட்ட குட்டிக்கு எதையும் புகட்டக் கூடாது. சூடு வந்த பிறகு, கால்நடை மருத்துவர் சொல்கிற பூனைக்குட்டிப் பால்பொடியைக் கரைத்து, குட்டியைக் குப்புற வைத்துப் புகட்ட வேண்டும். குழந்தைபோல் மல்லாத்திப் புகட்டினால் புரையேறிச் செத்துவிடும்.

காய்ச்சல், காயம் என்று நம் மருந்துப் பெட்டியைத் திறக்காதீர்கள். பாரசிட்டமால் நமக்கு மருந்து, பூனைக்கு விஷம். ஒரே மாத்திரை போதும், உயிர் போய்விடும். வேப்பேரியில் 1903-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி நம் ஊரிலேயே இருக்கிறது. அதன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம்.

பூனை கடித்தாலோ பிறாண்டினாலோ அலட்சியம் வேண்டாம். ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவிவிட்டு, அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்ற பயம் நம் தலைமுறைக்கு இன்னும் போகவில்லை. அந்தப் பழைய தடுப்பூசி 2004-ஓடு இந்தியாவில் நிறுத்தப்பட்டுவிட்டது. இப்போது கையில் போடுகிற நாலைந்து ஊசிதான், அரசு ஆஸ்பத்திரிகளில் இலவசமாகவே போடுகிறார்கள்.

மழைக்காலத்தில் காரை எடுப்பதற்கு முன் பானெட்டை இரண்டு தட்டுத் தட்டுங்கள். எஞ்சின் சூட்டுக்குக் குட்டிகள் உள்ளே ஏறிப் படுத்திருக்கும்.

சோறு மட்டும் போட்டுக் கருத்தடையை விட்டுவிட்டால், அடுத்த வருஷம் கோணிக்கு இன்னும் நாலு குட்டிகளைத்தான் தயார் செய்கிறோம். சோறு போடுகிறவர்கள்தான் அந்தப் பூனைகளின் நம்பிக்கையைப் பெற்றவர்கள், அவர்களால்தான் பிடிக்கவும் முடியும். அதனால் உங்கள் தெருவில் பூனைக்குச் சோறு போடுகிற மாமியோ தாத்தாவோ இருந்தால் சண்டைக்குப் போகாதீர்கள். ஒரு கூண்டு ஏற்பாடு செய்து, அவரிடம் போய் உதவி கேளுங்கள். நங்கநல்லூரில் யாருக்காவது கூண்டு வேண்டுமென்றால், எங்கள் வளாகத்துக்கென்று சொந்தமாகவே ஒன்று வாங்கி வைத்திருக்கிறோம். காலை நடையில் என்னிடம் சொன்னால் போதும். கூடவே ஒரு பழைய வேட்டியும் தருகிறேன்.